முதலில் இறங்கியவளுக்கு எண்பத்து நாலு

வெர்லா பாவ்லுக்குக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெண்ணெயில்தான் வதக்க வேண்டும். இரண்டு, பனிச்சறுக்கு ஹாஃப்பைப்பில் முதலில் இறங்குகிறவருக்கு மார்க்கை அள்ளிக் கொடுக்கக் கூடாது.

முதல் விஷயத்தில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பாதிப் பேர் அவளோடு சண்டைக்கு வருவார்கள். இரண்டாவதில் நடுவர் யாரும் வரமாட்டார். ஹாஃப்பைப் என்பது மலைச்சரிவில் வெட்டிய பனிக் கால்வாய், இரு பக்கமும் இரண்டு மாடி உயரச் சுவர். காலில் ஸ்கீயை மாட்டிக்கொண்டு ஒரு சுவரில் ஏறி, ஆகாயத்தில் சுழன்று, இறங்கி, எதிர்ச்சுவரில் ஏறி, இப்படியே அடிவாரம் வரை போக வேண்டும். நூற்றுக்கு மார்க். ஆனால் அந்த நூறு இருக்கிறதே, அது கணக்குப் பரீட்சை நூறு அல்ல. யாருக்கு மேல் யார் என்று வரிசைப்படுத்தத்தான் எண். முதல் ஆளுக்கே தொண்ணூற்றைந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால், அடுத்து வருகிறவள் இன்னும் நன்றாக ஆடினால் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆகவே முதல் ஆளை நடுவாந்தரமாக ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, மற்றவர்களை அதற்கு மேலும் கீழும் மாட்டுவார்கள்.

வெர்லா தலைமை நடுவர். தலைமை நடுவர் மார்க் போடுவதில்லை, போடுகிறவர்களை மேய்ப்பதுதான் வேலை. வாரநாட்களில் அவள் வாகனப் பதிவு அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போனால் போதும், புதுப் படிவம் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். ஊரே அவள் கவுண்டரைப் பார்த்துப் பயப்படும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் மாகாணத்தில் பைப்பில் ஆடுகிறவர்களை விட அவர்களை ஆள்கிறவர்கள் அதிகம் என்று ஒரு கேலி உண்டு. அநியாயமான கேலி. ஆள்கிறவர்கள் மூன்றே பேர்தான், தொப்பிதான் அதிகம். ஆர்வில் லிண்ட்கிரென் போட்டித் தலைவர், மாகாணத் தேர்வுக் குழுத் தலைவர், மைக்கில் பேசுகிறவர், போதாக்குறைக்குச் சமையலும் அவர்தான். லொர்ன் ஷெவ்சிக் கோச், தேர்வுக் குழு உறுப்பினர், வெர்லாவின் பக்கத்து வீட்டுக்காரன். போன குளிர்காலத்தில் அவளுடைய பனி அள்ளும் மெஷினை "ஒரு நாள் கொடு" என்று வாங்கிப் போனவன், அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. மூன்றாவது ஆள் வெர்லாவேதான், அவளும் தேர்வுக் குழுவில் உண்டு.

முன்பெல்லாம் மாகாண டீமுக்கு ஆள் எடுப்பது என்றால் தேர்வுக் குழுவில் ரகளைதான். போதாததற்கு, நடுப் பருவத்தில் லொர்ன் எழுந்து நின்று, தன்னிடம் பயிலும் பிள்ளைகளுக்குத் தோதாக விதியை மாற்றச் சொல்லுவான். வருஷா வருஷம் இதே கூத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வெர்லா, போன இலையுதிர் காலத்தில் உட்கார்ந்து இரண்டே விதி எழுதினாள். கான்டினென்டல் கோப்பைப் போட்டி ஒன்றில் எண்பத்தைந்து மார்க் வாங்குகிறவர் டீமில் உண்டு, வாங்காதவர் இல்லை. பருவம் முடிவதற்குள் இந்த விதியை மாற்றச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறவர், தீர்மானம் நிறைவேறினால் குழுவை விட்டு விலகிவிட வேண்டும். "எண் பொய் சொல்லாது. இனிமே யாரும் வாய்ச்சண்டை போட வேணாம்" என்றாள். இரண்டாவது விதியைப் படிக்கும்போது லொர்னையே பார்த்துக்கொண்டு படித்தாள்.

பருவத்தின் கடைசிக் கோப்பைப் போட்டி எங்கள் கானர் ரிட்ஜ் மலையில், சனிக்கிழமை. பெண்கள் இறுதிச் சுற்று, எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று முறை இறங்கலாம், எது சிறந்ததோ அது கணக்கு. தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தவர் இறுதியில் முதலில் இறங்க வேண்டும். அப்படித் தட்டுத் தடுமாறிக் கடைசியாக நுழைந்தவள் ஜோரி க்விஸ்ட், லொர்னிடம் பயிலும் பெண். பத்தொன்பது வயது. இந்த வருஷமும் டீமில் இடம் கிடைக்காவிட்டால் ஸ்கீயை விற்றுவிட்டு அண்ணனோடு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். இது ஊருக்கே தெரியும். வெர்லாவுக்கும் தெரியும், ஆனால் நடுவர் கூண்டில் ஏறினால் அதெல்லாம் தெரியாது என்பது அவள் கொள்கை.

ஜோரி இறங்கினாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண் அன்றைக்கு ஆடியது ஆட்டம். முதல் சுவரிலேயே விளிம்புக்கு மேல் இரண்டு ஆள் உயரம் எழும்பினாள். இரண்டரைச் சுற்று, ஸ்கீயைக் கையில் பிடித்தபடி. அடுத்த சுவரில் அதையே எதிர்த்திசையில். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி மூன்று சுற்று. பட்டுத் துணியில் கத்தரி போன மாதிரி இறங்கினாள். ஆர்விலின் மைக்கில் "அட... அடடடா..." என்று மட்டும் கேட்டது. கூண்டிலிருந்த ஐந்து நடுவர்களும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெர்லா. "ஆனா இன்னும் ஏழு பேர் வரணும். இடம் விட்டுப் போடுங்க."

ஐந்து பேரும் நல்ல பிள்ளைகளாக இடம் விட்டார்கள். பலகையில் வந்தது எண்பத்து நாலு புள்ளி ஆறு. கீழே லொர்ன் தன் தொப்பியைக் கழற்றிப் பனியில் அடித்தான். வெர்லா அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அவன் என்னிக்குத்தான் திருப்தியா இருந்தான்" என்று டோனட்டைக் கடித்தாள்.

அப்போதுதான் மேற்கே சினூக் கிளம்பியது. மலையைத் தாண்டி வரும் அந்த வெதுவெதுப்பான காற்றுக்கு நேரம் காலம் தெரியாது. இரண்டாவதாக இறங்கியவளைக் காற்று சுவரிலிருந்து தள்ளியது. மூன்றாவது ஆள் விழுந்தாள். நாலாவது ஆள் பயந்துகொண்டு தாழ்வாகவே ஆடினாள். தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவள் கடைசியாக வந்தாள். பாவம், அவளும் எண்பத்தொன்றுக்கு மேல் தாண்டவில்லை. வராத விருந்தாளிக்குச் சோறு எடுத்து வைத்த மாதிரி, எண்பத்தைந்துக்கு மேல் விட்ட இடமெல்லாம் அப்படியே கிடந்தது.

அடுத்த முறை இறங்கலாமா என்று ஜூரி கூடிப் பேசியது. ஜூரி என்றால் ஆர்வில், வெர்லா, அப்புறம் சம்மேளனத்தின் சார்பில் கியூபெக்கிலிருந்து வந்திருந்த ரெஜான் திபோ. ரெஜான் மெலிந்த மனிதர், விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பார். மூவரும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே விளம்பரப் பதாகை ஒன்று பிய்த்துக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் பறந்து போனது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மீதி ஆட்டம் ரத்து. ஒரு முறை எல்லோரும் இறங்கிவிட்டதால், அதுவே முடிவு.

"அப்ப ஜோரிதான் ஜெயிச்சா" என்றார் ஆர்வில். பிறகு தாடியைச் சொறிந்தார். "எண்பத்தி நாலு புள்ளி ஆறு. ஏம்மா வெர்லா, டீமுக்கு எவ்வளவு வேணும்னு எழுதி வெச்ச?"

வெர்லாவுக்கு இப்போதுதான் உறைத்தது, எண்பத்தைந்து. கூண்டில் இருந்தபோது அது நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் அவள் எண்பத்து நாலுதான் போட வைத்திருப்பாள், அது வேறு விஷயம்.

"எண் பொய் சொல்லாதுன்னு யாரோ சொன்னாங்க" என்றார் ஆர்வில், யாரையும் பார்க்காமல்.

"வாயை மூடு, ஆர்வில்."

ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் வாக்ஸ் அறையில் அடுப்பருகே போய் உட்கார்ந்தார்கள். முடிவுத் தாளில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு லொர்ன் வந்தான்.

"முறையீடு!" என்றான்.

"மார்க்கை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது" என்றார் ரெஜான்.

"தெரியும் சார். நான் மார்க்கை எதிர்க்கல. போட்டியையே எதிர்க்கறேன். முதல்ல இறங்குன பொண்ணுக்குக் காத்தே இல்ல. மத்த ஏழு பேருக்கும் சூறாவளி. இது நியாயமா? இந்த முடிவு செல்லாதுன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மாற்று நாள் இருக்குல்ல, மறுபடி நடத்துங்க."

ரெஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அந்த முதல் பொண்ணு உங்க பொண்ணுதானே?"

"ஆமா."

"அவங்கதானே ஜெயிச்சிருக்காங்க?"

"ஆமாங்கறேன்."

"அந்த வெற்றியை ரத்து செய்யச் சொல்லி நீங்களே..." ரெஜான் நிறுத்திவிட்டு ஆர்விலைப் பார்த்தார். "எங்க ஊர்லயும் பைத்தியம் உண்டு. ஆனா இந்த அளவுக்கு இல்ல."

"ஜெயிச்சு என்ன சார் பிரயோஜனம்? எங்க மாகாணத்துல ஒரு மகராசி எண்பத்தஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கா. மெடலை வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு எண்ணெய்க் கிணத்துல போய்க் குழாய் மாட்டணுமா?" லொர்ன் மகராசியின் பக்கமே திரும்பவில்லை. "மத்த ஏழு கோச்சும் எனக்கு ஆதரவு. கேட்டுப் பாருங்க."

ஆதரவு தராமல் என்ன செய்வார்கள்? தோற்றவர்களுக்கு மறுபடி ஓர் ஆட்டம் கிடைக்கிறதே!

ரெஜான் பக்கங்களைப் புரட்டினார். முறையீட்டில் நியாயம் இருக்கத்தான் செய்தது. காற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வீசவில்லை என்று ஜூரி கருதினால் போட்டியைச் செல்லாததாக்கலாம். "நான் செல்லாதுங்கறேன்" என்றார் ரெஜான். "செல்லும்" என்றார் ஆர்வில். இருவரும் வெர்லாவைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், வெர்லாவுக்கு நாக்கு நுனி வரை 'செல்லாது' வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு. தன் கோணல் விதியும் யாருக்கும் தெரியாமல் அமுங்கிவிடும். ஒரே சொல். ஆனால் கவுண்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்த புத்தி விடவில்லை. சம்பந்தப்பட்ட ஆள் நேரில் வராமல் அவள் எந்தப் படிவத்திலும் முத்திரை குத்தியதில்லை.

"ஜோரியைக் கூப்பிடு" என்றாள்.

ஜோரி பூட்ஸ் தடதடக்க வந்தாள். ஒரு கையில் பாதி டோனட், முகமெல்லாம் சிரிப்பு. தான் ஜெயித்த செய்தி மட்டும்தான் அவளுக்கு எட்டியிருந்தது. லொர்ன் விஷயத்தைச் சொன்னான். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என் முதல் மெடல் லொர்ன். இதுவரைக்கும் நாலாவது கூட வந்ததில்ல நான்."

"தெரியும்டா கண்ணு. நாளைக்கு இதே ஆட்டத்தை இன்னொரு தடவை ஆடு. மெடலும் உனக்கு, எண்பத்தஞ்சும் உனக்கு."

அவள் மிச்ச டோனட்டைத் தின்று முடித்தாள். பிறகு ரெஜானிடம், "நாளைக்கு யார் முதல்ல இறங்கணும்?" என்று கேட்டாள்.

அறையில் யாருக்குமே அது தோன்றியிருக்கவில்லை! ரெஜான் அவசரமாகப் புரட்டினார். "தகுதிச் சுற்று மாறாது. அதனால வரிசையும் மாறாது. முதல்ல... நீங்கதான்."

ஜோரி வெர்லாவின் பக்கம் திரும்பினாள். "மிஸஸ் பாவ்லுக், நாளைக்கும் நான் முதல்ல இறங்கி, அச்சு அசலா இதையே ஆடினா எவ்வளவு வரும்?"

வெர்லாவுக்கு ஆயிரம் குறை உண்டு, பொய் சொல்ல மட்டும் வராது. "எண்பத்தி நாலு. ஏழு பேர் பின்னாடி இருப்பாங்களே, இடம் விடணும்."

"இதையே கடைசியா இறங்கி ஆடியிருந்தா?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"அதே ஆட்டமா?"

"அதே ஆட்டம்தான்."

ஜோரி விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள். கோபமில்லை, கணக்குப் புரிந்துவிட்ட பிள்ளை மாதிரித்தான் பேசினாள். "அப்ப நீங்க அளந்தது என் ஆட்டத்தை இல்ல. வரிசையில நான் எங்க நின்னேன்ங்கறதை." பிறகு கேட்டாள். "இந்த எண்பத்தஞ்சை யாரு வெச்சாங்க?"

ஆர்வில் திடீரென்று அடுப்பிலிருந்த பீன்ஸைக் கிளற ஆரம்பித்தார். லொர்ன் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தான். ரெஜான், நான் வெளியூர்க்காரன் என்கிற முகத்தோடு கூரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் வெர்லா.

"ஓ" என்றாள் ஜோரி. அவ்வளவுதான். அந்த 'ஓ'வில் திட்டு ஏதும் இல்லை. அதுதான் வெர்லாவைக் குத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

லொர்ன் முறையீட்டை வாபஸ் வாங்கினான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜோரி முதலிடம். ஜூரி கலைந்தது.

"ஆர்வில், தொப்பியை மாத்து" என்றாள் வெர்லா.

"எதுக்கு?"

"தேர்வுக் குழு கூடுது. இப்ப, இங்கயே. ரெஜான், நீங்க வெளியாள். லொர்ன், உன் பொண்ணைப் பத்தின பேச்சு. ஜோரி, நீயும்தான். மூணு பேரும் வெளியே போங்க."

மூவரும் வெளியே போனார்கள். கதவு பலகைக் கதவு, மூன்று பேருக்கும் காது நல்ல காது.

ஆர்வில் போட்டித் தலைவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தேர்வுக் குழுவுக்கென்று தனித் தொப்பி ஏதும் இல்லாததால் வழுக்கைத் தலையோடேயே உட்கார்ந்தார். "சொல்லு."

"தீர்மானம். எண்பத்தஞ்சை எடுத்துடணும். அதுக்குப் பதிலா, கோப்பைப் போட்டியில முதல் இடம் வந்தா டீம்ல உண்டு."

"பருவம் இன்னும் முடியலம்மா."

"தெரியும்."

"இது நிறைவேறினா நீ எழுந்திரிக்கணும். நீ எழுதின விதி."

"லொர்னுக்காக எழுதினேன்."

"அவனுக்குன்னு அதுல பேர் போடலையே!" ஆர்வில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பைப்பை மெஷின் இல்லாமல் மண்வெட்டியால் செதுக்கிய காலத்திலிருந்து அந்த நாற்காலி வெர்லாவுடையது. புருஷன் செத்த குளிர்காலத்தில்கூட அவள் ஒரு கூட்டம் தவறவிட்டதில்லை. "நல்லா யோசிச்சியா? அடுத்த வருஷம் நானும் லொர்னும்தான் விதி எழுதுவோம். அவனைத் தெரியும்ல உனக்கு? நாடே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"எண் பொய் சொல்லாதுன்னு நாலு மணி நேரம் என் உயிரை வாங்கினியே."

"எண் பொய் சொல்லல ஆர்வில். அது கிட்ட நான் கேட்டதுதான் தப்பு. கையைத் தூக்கு. எனக்குப் பசிக்குது."

ஆர்வில் கையைத் தூக்கினார். வெர்லாவும் தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது. அவள் எழுந்து, உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். அது வாக்ஸ் அறை நாற்காலிதான், குழுவினுடையது கூட இல்லை. ஆனாலும் அது நேராக நிற்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தாள். கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல் கத்தியது. கூடவே பிரெஞ்சில் யாரோ வாழ்த்துச் சொன்னார்கள்.

அன்று மாலை பெரோகி விருந்தில், டீமுக்கு வாங்கி வைத்திருந்த ஜாக்கெட்டுகளில் கடைசி ஒன்று ஜோரியின் தோளில் ஏறியது. மாட்டிவிட்டது வெர்லாவேதான். அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "போதும் விடு, ஆறுது" என்று வெர்லா தட்டைக் காட்டினாள். பெரோகி எண்ணெயில் வதக்கியது. அப்படியிருந்தும் அவள் தட்டைக் காலி செய்தாள். ஆர்வில் அதைக் கவனித்துவிட்டுக் கவலைப்பட்டார்.

சினூக் போன கையோடு பனி கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை வெர்லா எழுந்தபோது வாசலில் கடகடவென்று சத்தம். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். லொர்ன். அவளுடைய மெஷினால் அவளுடைய வாசலை அள்ளிக்கொண்டிருந்தான். ஓர் ஓரம் கூட விடாமல், ரோடு வரைக்கும், தபால் பெட்டியைச் சுற்றிக்கூட.

கோட்டை மேலே போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவன் மெஷினை நிறுத்தினான். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாதவன், கையால் வாசலைக் காட்டினான்.

"எவ்வளவு போடுவ?"

வெர்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி ரெண்டு."

"அட! முதல் ஆளுக்கேவா? இடம் விடலையா?"

"யாருக்கு விடறது? உன்னை விட்டா யார் வரப்போறா?" என்றாள் வெர்லா. "மெஷினை ஷெட்ல வெச்சுட்டு உள்ள வா. காப்பி இருக்கு."